பதினோராவது பிள்ளை

“பதினோரு பிள்ளைங்க. ஒரே டிக்கெட்டு. அதுல ஒருத்தி முப்பதாயிரம் பேர் தலைக்கு மேல பறந்தே போனா. கீழ போய் இறங்கினதும் ஒரு கேவன்காரன் அவளுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தான். காசு வாங்காம!”

மாலக்கி மக்குவைட் இதைச் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைச் சவப்பெட்டியின் விளிம்பில் வைத்தார். பெட்டிக்குள் பார்னி ட்ரேனர், எண்பத்தெட்டு வயதின் முழு மரியாதையோடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடும், மறுத்துப் பேச வழியில்லாமல் படுத்திருந்தார்.

முன்னறையில் நின்ற அத்தனை பேரும் பறந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மொனஹன் மாவட்டத்தில் அதைவிடக் கனமானதெல்லாம் பறந்திருக்கிறது. ஆரஞ்சைத்தான் யாராலும் விழுங்க முடியவில்லை. கஞ்சத்தனத்துக்குப் பேர்போன பக்கத்து மாவட்டமான கேவனில் ஒருவன் எதையாவது சும்மா கொடுத்தான் என்பதைவிட, பார்னி எழுந்து உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் கேட்டார் என்று சொன்னால்கூட நாலு பேர் நம்புவார்கள்.

“பாதிப் பழமா இருக்கும்” என்றது சன்னல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“தோலா இருக்கும்” என்றது இன்னொன்று.

சிரிப்பில் பெட்டி லேசாக அதிர்ந்தது. பார்னியின் மகள் டிம்ப்னா மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை எடுத்தாள். அது இருந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். போதாது என்று இன்னொரு முறை துடைத்தாள்.

“அந்த ஒருத்தி யாரு, மாலக்கி?”

“நீதாம்மா. வேற யாரு?”

“நான் அன்னிக்குப் போகவே இல்ல.”

“உங்கப்பாவே சொல்லுவாரே...”

“அப்பா என்னென்னவோ சொல்லுவார். படத்தைப் பாருங்க.”

படம் கணப்புக்கு மேலே, மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நின்றது. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூலை மாத ஞாயிறு. மொனஹனும் கேவனும் மோதிய அல்ஸ்டர் மாகாணக் கால்பந்து இறுதியாட்டம். மைதானத்துப் படிக்கட்டுகளில் தீப்பெட்டிக் குச்சிகள்போல் ஜனம். நடுவே முப்பத்தாறு வயது பார்னி. தோளில் மகன் கீரன், ஏழு வயது, அப்பாவின் தொப்பி அவன் காதுவரை இறங்கியிருக்கிறது. சுற்றிலும் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர். அதில் மாலக்கியின் தலைமேல் பார்னியின் ஒரு கை. கூட்டினால் பத்து. டிம்ப்னா தன் வாழ்நாளில் இந்தப் படத்தை எண்ணிய தடவைகளைக் கணக்கிட்டால், அந்த நேரத்தில் ஒரு பாலம் கட்டியிருக்கலாம். ஒரு தடவைகூடப் பதினொன்று வரவில்லை.

“பதினொண்ணாவது நீதான், நீ கீழ இருந்த” என்பார் பார்னி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும். ஆட்டத்தன்று அவளுக்கு நாலு வயது. அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் ஒரு சன்னல், புறப்பட்டுப் போகும் கார், அதன் பின்கண்ணாடி முழுக்க மற்றவர்களின் தலைகள். இல்லாததை இருந்தது என்று சொல்லிச் சரிக்கட்டுகிறார் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். மாலக்கிமீது அவளுக்கு இருந்தது வெறும் கோபமில்லை. பெற்ற மகளுக்குக் கிடைக்காத கை, பக்கத்து வீட்டுக்காரன் தலைமேல் ஐம்பத்திரண்டு வருஷமாக இருந்துகொண்டிருக்கிறது. மாலக்கிக்கு இப்போது அங்கே தலைமுடிகூட இல்லை.

மாலக்கியோ வந்தவர்களுக்குக் கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அந்த நாட்களில் மைதானத்து வாசலில் ஒரு இரும்புச் சுழல்கதவு. பெரியவர்களுக்குத்தான் டிக்கெட். தூக்கிக் கதவுக்கு மேலாகக் கொடுக்க முடிகிற எவரும் பிள்ளை. பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. பார்னி ஒவ்வொருவராகத் தூக்கிக் கொடுத்தார். கடைசியில் மாலக்கி. பதினான்கு வயது, ஒரு கன்றுக்குட்டியின் எடை.

“வாசல்ல நின்ன ஆளு என்னை ஏற இறங்கப் பார்த்தான். ‘என்னய்யா பார்னி, இந்தப் பிள்ளைக்கு மீசை இருக்கே?’ன்னான். உங்கப்பா கண்ணு சிமிட்டாம, ‘அது அவங்க அம்மா வழி’ன்னாரு!”

டிம்ப்னா காலிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஊர்க் கால்பந்து கிளப்பிலிருந்து வந்த தேநீர் அண்டா நேற்று மதியத்திலிருந்து கொதிப்பதை நிறுத்தவில்லை. நானூறு பேர் வாழும் ஊரில் நாலாயிரம் பேர் வந்து கைகுலுக்கி, “உங்க கஷ்டத்துக்கு வருந்துறோம்” என்று சொல்லி, முட்டை சாண்ட்விச் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். குலுக்கிய குலுக்கலில் அவளது வலது கை இடது கையைவிட இரண்டு அங்குலம் நீண்டிருந்தது. மணி பத்தாகிவிட்டது. பதினொன்றுக்கு மாதா கோயிலில் அடக்கப் பூசை.

பாத்திரத் தொட்டி அருகே கீரன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு சீட்டு. பார்னி ஆறு மாதத்துக்கு முன்பே கிளப் குலுக்கல் சீட்டின் பின்பக்கத்தில், தன் பெட்டியை யார் யார் சுமக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். கீரன், மாலக்கி, இன்னும் நாலு பேர். ஆறு பேரும் அந்தப் படத்தில் இருப்பவர்கள். அடியில் தனியாக ஒரு வரி: டிம்ப்னா கீழே, முன்னால்.

“எத்தனை தடவை படிச்சாலும் மாறாது” என்றாள் டிம்ப்னா.

“உனக்கு வேணும்னா என் இடத்தை எடுத்துக்கோ.”

“பிச்சை போடாத. உசுரோட இருக்கறப்ப தோள்ல உட்கார்ந்தது நீ. செத்தப்புறம் தோள் கொடுக்கறதும் நீ. நான் கீழ நின்னு வேடிக்கை பார்க்கணும். வேண்டாத பிள்ளை கணக்கா ஒதுக்கி எழுதி வச்சிட்டாரு பாரு.”

கீரன் குழாயை மூடினான்.

“நான் என்னத்தைப் பார்த்தேன்னு நினைக்கறே, அங்க உட்கார்ந்து?”

“மேட்ச்சை.”

“ஒரு பந்தைப் பார்க்கல. கூட்டம் ஒரு தள்ளு தள்ளிச்சு. அப்பா உன்னைத் தூக்கி முன்னாடி இருந்தவர் கையில கொடுத்துட்டார். அப்பெல்லாம் அப்படித்தான், சின்னப் பிள்ளைன்னா தலைக்கு மேலயே கைமாத்திக் கீழ மைதான வேலிக் கம்பிகிட்ட இறக்கிடுவாங்க. உன்னைக் கொடுத்தப்புறம்தான் என்னைத் தோள்ல தூக்கி வச்சார். எதுக்குத் தெரியுமா?”

அவள் கோப்பைகளைத் தொட்டியில் இறக்கினாள்.

“‘தங்கச்சியோட சிவப்புக் கோட்டு தெரியுதாடா கீரா? தெரியுதா?’ மேட்ச் முடியற வரைக்கும் இதேதான். கோல் விழுந்தா ஊரே குதிக்குது, என் கால் ரெண்டையும் பிடிச்சு உலுக்கி, ‘இப்பத் தெரியுதா?’ங்கறார். எனக்கு ஏழு வயசு, டிம்ப்னா. முதல் இறுதியாட்டம். அந்தச் சிவப்புக் கோட்டை எனக்கு எவ்வளவு பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாது. இன்னிக்கும் பிடிக்காது.”

டிம்ப்னா ஒரு கோப்பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த கோப்பை.

“துக்க வீட்டுல ஆறுதலுக்கு நல்லாத்தான் பொய் சொல்றே” என்றாள்.

“நம்பாத போ.”

அப்போது முன்னறையில் சத்தம் எழுந்தது. அடக்க ஏற்பாடு செய்யும் ஷெரிடன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முந்தின நாள் பெட்டியை வெறுமையாகக் கொண்டுவந்தபோது, நடையின் குறுகிய திருப்பத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தித் திருப்பி உள்ளே நுழைத்திருக்கிறார்கள். இப்போது உள்ளே பார்னி இருக்கிறார்.

“நிமிர்த்தாம இந்தத் திருப்பத்துல வராதுங்க” என்றார் ஷெரிடன்.

“நிமிர்த்தினா எழுந்து நடுவரைத் திட்ட ஆரம்பிச்சிடுவாரு” என்றார் மாலக்கி.

முன்னறைச் சன்னல் ஒன்றுதான் வழி. கீரன் திருப்புளி கொண்டுவந்து சட்டத்தைக் கழற்றினான். சன்னலுக்கு வெளியே இன்னொரு சிக்கல் காத்திருந்தது. வீடு மேட்டில். சாலையிலிருந்து முப்பத்திரண்டு கற்படிகள். பெட்டியேற்றும் வண்டி கீழே சாலையில். அந்தப் படிகளிலும் இரு பக்கத்துச் சரிவிலும் ஜனம் எள் விழ இடமில்லாமல் நின்றது. ஆறு பேர் தோள்கொடுத்து இறங்கக் காலை எங்கே வைப்பது?

“எல்லாரும் கொஞ்சம் கீழ இறங்கி வழி விடுங்க!” என்றார் ஷெரிடன்.

ஒருவரும் அசையவில்லை. மரியாதைக் குறைவில்லை அது. மொனஹன்காரர் படியில் ஒரு இடம் பிடித்துவிட்டால், இறுதி விசில் ஊதும்வரை அவருடைய சொந்தக் காலே அவர் பேச்சைக் கேட்காது. ஒருவர் இறங்க நினைத்தாலும் பின்னால் இருப்பவர் அந்த இடத்தைப் பிடித்துவிடுவார் என்ற பயம் வேறு.

டிம்ப்னா பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு, வேலியோரச் சேற்றில் சறுக்கி, சாலைக்கு வந்து சேர்ந்தாள். கீழே, முன்னால். எழுதியபடியே நிற்கிறேன், போதுமா என்பதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மேலே சன்னலில் பெட்டியின் கால்பக்கம் எட்டிப் பார்த்தது. அதன்மேல் கிளப்பின் கொடி. சுமக்க வேண்டிய ஆறு பேரும் உள்ளேயிருந்து தள்ளுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாமல் நின்றார்கள். ஒரு நிமிஷம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு சன்னலுக்குள்ளிருந்து மாலக்கியின் குரல் வந்தது. அறுபத்தாறு வயது நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்ததென்று தெரியாது. பத்து மைலுக்கு அப்பால் மேய்ந்த மாடுகள் தலை தூக்கியிருக்கும்.

“பிள்ளை வருது! கை மேல!”

மைதானத்தில் பிள்ளைகளைக் கைமாற்றும்போது கூவும் அதே கூவல். ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொரு கையும், யோசிக்காமல், தானாக மேலே போயிற்று. அவற்றைப் பார்த்து மற்ற கைகளும்.

பெட்டி கிளம்பியது. தலைகளுக்கு மேல், தொப்பிகளுக்கு மேல், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. உள்ளங்கைகள் மரத்தில் உராயும் சத்தம் மட்டும். நடுப்படியில் ஒரு கணம் ஒரு பக்கம் சாய்ந்தது. எங்கிருந்தோ நாலு விரல்கள் வந்து நிமிர்த்தின. கையுறை போட்ட கை, சுண்ணாம்பு காய்ந்த கை, மோதிர விரல் பாதியாகப் போன கை.

டிம்ப்னாவின் கட்டிய கைகள் அவிழ்ந்தன.

அவளது நாலு வயது முதுகில் கைகள் ஊர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, பெரிதும் சிறிதுமாக, ஈரமாகவும் காய்ந்தும். மேலே வெறும் வானம். ஈரக் கம்பளி வாசனை, புகையிலை வாசனை. பின்னால் தொலைவிலிருந்து ஒரு குரல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அது படத்தில் இல்லை. அப்பா சொன்ன எந்தக் கதையிலும் இல்லை.

பெட்டியின் கால்பக்கம் கடைசிப் படியைத் தாண்டி வந்தது. அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். கனம் முழுக்க அவள்மேல் இறங்கியதுபோல் இருந்தது; ஷெரிடனும் வேறு யாரோ இருவரும் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டார்கள். வண்டிக்குள் அது மெதுவாகச் சறுக்கிப் போய் நின்றது.

மேலே, சட்டமில்லாத சன்னலில், கீரன் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கண்ணுக்குக் கை வைத்துக் கீழே தேடிக்கொண்டிருந்தான். அவள் கையை உயர்த்திக் காட்டினாள். அவன் உள்ளே போனான்.

மாலக்கி மூச்சிரைக்க இறங்கி வந்து, கொடியின் சுருக்கத்தை நீவிவிட்டார். அவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். டிம்ப்னா அவர் பக்கம் திரும்பவில்லை.

“பாதி இல்ல” என்றாள்.

“என்னம்மா?”

“பாதிப் பழம் இல்ல. முழுசு. அவரே உரிச்சார்.”

மாலக்கியின் வாய் திறந்தபடி நின்றது. முன்னறையில் தோல் என்று சொன்ன மனிதர் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“கேவன்காரனா?” என்றார் மாலக்கி. “சும்மாவா?”

“சும்மா இல்ல. ஒரு சுளைக்கு ஒரு தடவை ‘கேவன்! கேவன்!’னு கத்தணும்னார்.”

இறங்கி வந்த கூட்டம் படியிலேயே நின்றுவிட்டது. மொனஹன் மண்ணில், பார்னி ட்ரேனரின் பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அது.

“நீ கத்தினியா?”

டிம்ப்னா வண்டிக்குள் பார்த்தாள். கொடியின் ஒரு முனை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் மாட்டாதபடி அதை உள்ளே மடித்துவிட்டாள்.

“பழம் முடியற வரைக்கும்” என்றாள்.