நெருப்பு நுழையாத வீடு

ரெங்கம்மாளின் வீட்டுக்குள் நானூற்று ஏழு நாட்கள் நெருப்பு நுழையவில்லை. 1934 தை அறுப்பு முடிந்த வாரத்தில் ஒரு காலையில் அடுப்பு பற்றவில்லை. விறகு ஈரம் என்று நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, வாசலில் நன்றாக எரிகிற தீக்குச்சி நிலைப்படியைத் தாண்டியதும் அணைகிறது என்று. பக்கத்து வீட்டு முத்திருளன் பீடியோடு உள்ளே போனார், அணைந்தது. வெளியே வந்தார், தானாகப் பற்றிக்கொண்டது. ஒரு கட்டுத் தீரும்வரை போய்ப் போய் வந்தார். கீழக்குயில்குடிப் பூசாரி இது முனியின் வேலை என்று சொல்லிக் கற்பூரம் கொண்டுவந்தார். கற்பூரமும் பற்றாததால், வாங்கிய சேவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வாசலில் அடுப்பு கூட்டச் சொன்னதற்கு ரெங்கம்மாள் சம்மதிக்கவில்லை, அரிசியை ஊறவைத்துத் தின்றார்கள். அந்த வருஷம் மிளகாய் விலை ஏறியது, நாகமலைப் பக்கம் இரண்டு கிணறுகள் வற்றின, ரெங்கம்மாள் வீட்டில் நெருப்பு இல்லை.

ரெங்கம்மாள் போகிற கிறிஸ்தவ சபைக்குப் பொறுப்பாக இருந்த உபதேசியார் சோணைமுத்து ஞாயிற்றுக்கிழமை, சாத்தான் சோதித்துப் பார்க்க ஆண்டவர் விட்டுக்கொடுத்த யோபுவின் கதையை எடுத்தார். சாத்தான் கட்டுத்தறியில் நிற்கிற காளை, கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் அவன் கொம்பு வரும், கயிற்றை அளந்து விடுகிறவர் ஆண்டவர் என்றார். அலங்காநல்லூர்க் காளைகளைப் பார்த்த ஜனங்களுக்கு அது உடனே விளங்கியது. "யாரு மேல ஆண்டவருக்கு நம்பிக்கையோ, அவுக வாசலுக்குத்தேன் கயிறு எட்டும்" என்று முடித்தார். அன்றிலிருந்து ரெங்கம்மாளுக்கு முன்வரிசையில் கோரைப்பாய் போட்டார்கள்.

அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஜெயக்கொடி, ரெங்கம்மாளின் மூத்த ஓரகத்தி. சபைக்கு வேதக்கோயில் கட்ட இடம் கொடுத்தது அவள் புருஷன்; வாரந்தோறும் பிடியரிசி வாங்கி அளப்பது அவள். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். எல்லாரும் தங்கள் கையால் கொண்டுவந்தார்கள். ரெங்கம்மாள் மட்டும் அரிசியைப் புருஷனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அந்தத் தையில்தான் தவழத் தொடங்கியிருந்த கைக்குழந்தை கிருபையை இடுப்பை விட்டு இறக்காமல் பின்னால் வருவாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவள், அங்கே மூத்த பையன் தாசனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் என்று ஊர் அதைப் பொறுத்துக்கொண்டது. ஜெயக்கொடி அதைக் கொழுப்பு என்று எண்ணினாள்.

ஜெயக்கொடிக்கு மூன்று பையன்கள். மூவருக்கும் சளிகூடப் பிடித்ததில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் வீட்டில் பால் திரிந்ததில்லை. இத்தனை காலம் அதை ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தவளுக்கு, இப்போது அது ஆண்டவர் தன்னைக் கவனிக்கவே இல்லை என்பதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. கயிறு அவள் வாசலுக்கு எட்டவில்லை. ஒரு சின்னச் சோதனை போதும் என்று ஜெபித்தாள். பிள்ளைகளைத் தொட வேண்டாம், வேண்டுமானால் எருமையைத் தொடலாம் என்று தெளிவாகவும் சொன்னாள். அந்த வாரம் எருமை அரைப்படி கூடக் கறந்தது.

ஆடி மாதத்தில் பொறுக்க முடியாமல் அடுப்பில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, தன் வீட்டிலும் நெருப்பு நின்றுவிட்டதாக உபதேசியாருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து, ஜெபம் செய்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த விறகில் ஒரு குச்சியைக் கிழித்து வைத்தார். வைக்கோல் மாதிரி பற்றிக்கொண்டது. "உங்க வீட்டுல நல்லாத்தேன் எரியுது ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்ற முத்திருளன், "எரியுறது அடுப்பு மட்டுமில்ல போல" என்றார்.

அதன் பிறகு அந்த அடுப்பு அணையவில்லை. விறகை இழுத்துப் போட்டாள், சாம்பலை அள்ளினாள், குடம் குடமாக ஊற்றினாள். வெறுங்கல்லுக்கு நடுவில் தீ நின்று எரிந்தது. ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, பிறகு தீப்பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டு அங்கே வந்து சுள்ளியில் தீ எடுத்துக்கொண்டு போனது. எரிகிற அடுப்பை வைத்துக்கொண்டு தம்பி குடும்பத்தை ஊறவைத்த அரிசி தின்ன விடுவது நன்றாயிருக்காது என்று புருஷன் சொல்ல, ரெங்கம்மாள் வீட்டுச் சோற்றையும் ஜெயக்கொடியே பொங்க வேண்டியதாயிற்று. புகை எனக்கு, பாய் அவளுக்கு என்று ஒவ்வொரு வேளையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே கொண்டுபோனாள். அந்த இருட்டு வீட்டில் ரெங்கம்மாள் பிள்ளையைத் தரையில் விட்டு, அதன் பின்னாலேயே தானும் சிரித்துக்கொண்டு தவழ்வாள். சோதனையில் இருக்கிறவள் இப்படியா சிரிப்பாள் என்று ஜெயக்கொடிக்கு ஆத்திரமாக வரும்.

நானூற்று ஏழாம் நாள் சாயங்காலம் ரெங்கம்மாளின் அடுப்பு முதல் குச்சியிலேயே பற்றியது. அதே நேரத்தில் ஜெயக்கொடியின் அடுப்பு அணைந்தது. முத்திருளன் பீடியோடு ரெங்கம்மாள் வீட்டுக்குள் போய்ப் பார்த்து உறுதிசெய்தார். மற்றவர்கள் தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனார்கள். சொல்ல வேண்டியது அன்று மத்தியானம் நடந்தது.

அன்றைக்குச் சோறு வாங்க ரெங்கம்மாளே பிள்ளையோடு வந்திருந்தாள். கிருபை அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, தத்தித் தத்தி நேராக அடுப்பிடம் போயிற்று. ஜெயக்கொடி கொதிக்கிற பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்க முடியாது. ரெங்கம்மாள் கத்த வாயெடுப்பதற்குள் பிள்ளை தீக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கையை நீட்டியது, பின்னுக்கு இழுத்துக்கொண்டது. "சுடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி அம்மாவிடம் வந்தது. ரெங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள்.

ஜெயக்கொடிக்கு அந்தச் சிரிப்பும் பொறுக்கவில்லை. பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

"எம்புட்டு வருசமா நானும் முழங்கால் போடுறேன். என்னய ஒரு தடவ திரும்பிப் பாக்கல. உன் வாசலுக்குத்தேன் சோதனை வருது, உனக்குத்தேன் முன்னால பாய் வருது. அப்படி என்னத்தடி கேட்ட அவருகிட்ட?"

ரெங்கம்மாள் பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு மற்றக் கையையும் பார்த்தாள்.

"எம்புள்ள தவழுற வீட்டுல தீ வேணாம்னு கேட்டேன்க்கா. குடுத்தாரு. இது சோதனை இல்ல. சோதனை தோட்டத்துலயே முடிஞ்சுபோச்சு, அங்க யாரும் பாய் போடல."

ஜெயக்கொடிக்குப் பின்னால் தீ விறகில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"தாசன் காய்ச்சல்ல சாகலக்கா" என்றாள் ரெங்கம்மாள். "நான் பிடியரிசி குடுக்கக் கோயிலுக்குப் போயிருந்தேன். தவழ்ந்து அடுப்புக்குள்ள போயிட்டான்."