சுகிர்தபாயின் கதைக்குச் சொல்லப்பட்ட திருத்தங்கள்

கூட்டத்துக்கு வந்தவர்கள்: தலைவர் செல்லசாமி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஷியாமளா, கூட்டுறவு வங்கியில் வேலை, கவிதையும் உண்டு. அகிலேஷ், ஏழு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு. கதையை எழுதியவர் என்ற கணக்கில் சுகிர்தபாய், அங்கன்வாடியில் கஞ்சி வைப்பவர். மினிட்ஸ் எழுத நான்.

கேரளத்துக் குளத்தூரில் தமிழ் வாசகர் வட்டம் என்பது இவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் நூலகத்தின் பின்னறையில் கூடி, யாரும் எழுதாத இலக்கியத்துக்காகக் கவலைப்படுவார்கள். நான் போவது மின்விசிறிக்காக.

அன்று அவர்களுக்கு ஒரு கதை கிடைத்திருந்தது. அது கதையே இல்லை. சுகிர்தபாயின் கணவன் மணியன் கிணற்றில் விழுந்து செத்துப் பதினேழு நாள் ஆகியிருந்தது. கிணற்றில் இறங்கிப் பிணத்தை மேலே கொண்டுவந்தவன் பக்கத்து வீட்டு ஜெயதாஸ். வேலி எல்லையை வைத்து வந்த அதிர்த் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே தள்ளியவனும் அவன்தான் என்று போலீஸ் அன்றே அவனைக் கொண்டுபோனது. சுகிர்தபாய் ஸ்டேஷனுக்குப் போய், செய்தது நான் என்றாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தார்கள். சொல்வதை மலையாளத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் மலையாளம் பேசுவாள், எழுத்து தெரியாது. படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். நான்கு பக்கம் தமிழில் எழுதி, மலையாளத்தில் ஆக்கித் தரும்படி செல்லசாமியிடம் கொடுத்தாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. திங்கட்கிழமை ஜெயதாஸின் ஜாமீன் மனு. அதற்குள் தாள் போய்ச் சேர வேண்டும்.

அவளுக்குத் தெரிந்த எழுத்து அங்கன்வாடிப் பதிவேடு. அதைப் போலவே எழுதியிருந்தாள். 'சுகிர்தபாய் கஞ்சி வைத்தாள். சுகிர்தபாய் வீட்டுக்கு வந்தாள். சுகிர்தபாய் கிணற்றின் மேல் கிடந்த அயினி மரப் பலகையை எடுத்தாள்.' மணியன் ராத்திரி குடித்துவிட்டு வந்து அந்தப் பலகையில் நின்றுதான் கால் கழுவுவான். அது ஊருக்கே தெரியும். முந்தின நாள் மகள் அஷ்வதியின் மேல் அவன் மரச்சீனிக் கிழங்கு வெட்டும் கத்தியை எறிந்ததையும் ஒரு வரியில் எழுதியிருந்தாள். தன்னையே யாரோ போல எழுதியிருந்தது செல்லசாமிக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளூர்ச் சம்பவத்தைப் புனைவாக்கியிருக்கிறாள் என்று முடிவு செய்து, நிகழ்ச்சிநிரலில் போட்டுவிட்டார்.

தாளை வாங்கிப்போக வந்தவளை உட்காரவைத்துப் பழம்பொரி கொடுத்தார்கள்.

ஷியாமளாவுக்குப் பலகை பிடித்திருந்தது. அது தாம்பத்தியத்தின் குறியீடு என்றார். கிணறு என்னவென்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அதையும் சொன்னார். அகிலேஷ், யாரும் சந்தேகிக்காத ஆள் கொலை செய்வது பழைய உத்தி என்று ஆரம்பித்தான். முதல் பத்தியில் கஞ்சியைக் கிளறும் கை நல்ல முன்னுணர்த்தலாம். கத்தி மட்டும் ஒரு வரியில் போய்விட்டதாம், அதை நனவோடையில் மூன்று பக்கம் விரித்திருக்கலாமாம். தன் பெயரையே கொலைகாரிக்குக் கொடுத்தது பெரிய துணிச்சல் என்று செல்லசாமி தலையை ஆட்டினார். மூன்று பேருக்கும் நடுவே, கொன்றவள் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். மலையாளத்தில் எழுதியாகிவிட்டதா?

ஆகிவிட்டது என்று செல்லசாமி பெருமையாக எடுத்து நீட்டினார். ஒரு மலையாள வாரப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். அவள் தாளை வாங்கி, நேராக என்னிடம் கொண்டுவந்தாள்.

"மக்கா, நீ ஒருக்கா வாசிச்சுச் சொல்லு. அடியில ஒப்பு போடணும்."

வாசித்தேன். நடை மோசமில்லை. இரண்டாம் பக்கத்தில் பலகையை எடுப்பவன் ஜெயதாஸ். சுகிர்தபாய் சன்னல் வழியாக அதைப் பார்த்து அழுகிறாள். நிலா வேறு வருகிறது. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். நான் வாசித்திராவிட்டால், மலையாள எழுத்து தெரியாதவள் கையெழுத்துப் போட்டு, நாளைக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள். ஜெயதாஸுக்கு ஆயுள் முழுக்க அது போதும்.

"சாரே, இது கத இல்ல. நடந்ததாக்கும்," என்றாள். "பலகைய எடுத்தது நானாக்கும். நீங்க ஏன் அவன எழுதினிய?"

செல்லசாமி கண்ணாடியைக் கழற்றினார். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

"அம்மா, பிள்ளியளுக்குக் கஞ்சி ஊத்துத கை கொல செய்யுமெண்ணு வாசகன் நம்பமாட்டான்."

"வாசகன் நம்பாண்டாம் சாரே. போலீஸ் நம்பினா போதும்."

அப்போதுதான் உறைத்தது. ஷியாமளா கைப்பையை மூடிக்கொண்டு, வீட்டுக்கு விருந்தாளி வருவதாகச் சொன்னார். அகிலேஷ் கைபேசியில் எடுத்த கூட்டப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தான். செல்லசாமி என் அருகில் வந்து, இன்றைக்குக் கோரம் இல்லை, ஆள் போதவில்லை, கூட்டம் நடக்கவில்லை என்று எழுதிவிடு என்றார். பதினேழு நாளாக ஒருவன் உள்ளே கிடக்கிறான் என்பதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறியீடுகளைக் கண்டுபிடிக்கிற கண்கள்.

நான் மினிட்ஸ் புத்தகத்திலிருந்து மூன்று தாள் கிழித்தேன். அவள் தமிழில் சொன்னாள், நான் மலையாளத்தில் எழுதினேன். எதையும் சேர்க்கவில்லை. எழுதியதை அவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் நிறுத்தினாள். எடுத்த பலகையை மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் சாய்த்துவைத்தது விட்டுப்போயிற்று என்றாள். சேர்த்தேன். தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன்.

ஸ்டேஷனில் பெண் போலீஸ் ஒருத்தி தாளை முழுக்க வாசித்தாள். எழுந்து உள்ளே போய் இன்னொருவரிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு இரண்டு பேரை அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் போன் வந்தது. தொழுத்துக்குப் பின்னால் பலகை இருந்தது. அதன் பிறகு யாரும் அவளைத் துக்கக்காரியாகப் பார்க்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"ஜெயதாஸ எப்ப விடுவிய?" என்று கேட்டாள்.

நாளைக்கு இந்தத் தாளைக் கோர்ட்டில் கொடுப்போம், அதற்கு மேல் கோர்ட் சொல்லும் என்றாள் பெண் போலீஸ். சுகிர்தபாய்க்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். என்னைப் பார்த்து, அஷ்வதியிடம் சொல்லிவிடு என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

உள்ளே போனாள். பெண் போலீஸ் கம்பிக்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.