ஜோவிதா கேட்ட மேம்பாலம்

ஜோவிதாவுக்குத் தாம்பரம் சர்ச்சில் கல்யாணம். பெருங்களத்தூரில் கிளம்பிய கார் இரும்புலியூரில் நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் தண்ணி லாரி, இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ.

"மேம்பாலம் போடற இன்ஜினியருக்கே இந்தக் கதியா?" என்று அப்பா சுந்தர்சிங் முனகினார்.

"எங்க போட்டேன்ப்பா? கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

அவள் மாநகராட்சியில் உதவிப் பொறியாளர். இந்த இடத்துக்கு ஒரு மேம்பாலம் வேண்டும், அதற்கு மாநில அரசு பணம் தர வேண்டும் என்று எழுதிய திட்டம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. போன கூட்டத்தில் மாநில அரசின் நிதி அதிகாரி ஸ்ரீநிவாசன், "நெரிசல் எல்லா ஊர்லயும்தாம்மா இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்று கேட்டார்.

அதே ஸ்ரீநிவாசன் இப்போது பக்கத்துக் காரில் உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜோவிதாவுக்குள் என்னவோ குபுகுபுவென்று பொங்கியது. வெள்ளைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவர் கார் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடியை இறக்கியவர், "வாழ்த்துகள்மா," என்றார் குழப்பமாக.

"சார், நான் ஜோவிதா. இரும்புலியூர் மேம்பாலம்."

"அது... இப்பவா?"

"நம்ம ரெண்டு பேருக்கும் இப்ப வேற வேலை இல்லையே சார்."

காரின் முன்பக்கத்தில் படிந்திருந்த புழுதியில் விரலால் ரோட்டை வரைந்தாள். ரயில் பாதையை வரைந்தாள். இரண்டுக்கும் மேலே வளைத்து ஒரு பாலம் போட்டாள். அவர் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஆட்டோக்காரர் ஒருவர் தலையை நீட்டினார்.

"மேடம், பாலம் மேல போச்சுன்னா நாங்க இன்னா பண்றது?"

"கீழ உங்களுக்குத் தனி ரோடு இருக்குண்ணா."

"அப்ப ஓகே," என்று அவர் அனுமதி கொடுத்தார். பஸ் ஜன்னல்களில் கைதட்டினார்கள்.

"மாநகராட்சி எவ்வளவு போடும்?" என்றார் ஸ்ரீநிவாசன்.

"நிலம் வாங்கற செலவு எங்களோடது சார். பாலம் கட்ட எங்களால முடியாது. அரசாங்கம் தந்தாத்தான் உண்டு."

அதற்குள் சர்ச்சிலிருந்து வண்டிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து மாப்பிள்ளை ஃபிரெடி வந்து சேர்ந்தான். கோட்டு தோளில் கிடந்தது.

"ஓடிப்போயிட்டியோன்னு பாத்தேன்," என்றான்.

"ஓட வழி எங்க இருக்கு?"

ஸ்ரீநிவாசன் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டங்களில் அவர் சிரித்து ஜோவிதா பார்த்ததே இல்லை. கார்கள் அங்கேயே நிற்க, எல்லோரும் சர்ச்சுக்கு நடந்தார்கள். லாரிகள் ஹாரனால் மேளம் தட்டின. ஃபிரெடியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, மூச்சு வாங்கியது சிரிப்பாலா நடையாலா என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்ரீநிவாசன் கல்யாணம் முடிகிறவரை இருந்து, பிரியாணியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த கூட்டத்தில் முதல் கட்டத்துக்கு நிதி கிடைத்தது. கேட்டதில் பாதிதான். ஆனாலும் ஜோவிதா ஆபீஸ் வராந்தாவில் ஒரு சுற்று ஆடிவிட்டே சீட்டுக்குப் போனாள்.

பாலத்துக்காக மண் பரிசோதனை மெஷின் வந்து இறங்கிய அன்று பாதி ரோட்டை அடைத்தார்கள். நெரிசல் பல்லாவரம் வரை நீண்டது. எல்லோரும் திட்டிக்கொண்டே போனார்கள். ஓரத்தில் ஹெல்மெட்டோடு நின்றிருந்த ஜோவிதாவுக்கு ஒவ்வொரு திட்டும் இனித்தது.