எழுதாமல் விட்ட ஒரு மணி நேரம்

அப்பாவின் சட்டைக்கு நான்காவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் மூத்தவள். அப்போதுதான் தம்பி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து சவப்பெட்டிக்குள் வைத்தான். அட்டை மேலே தெரியும்படி, அவர் நெஞ்சுக்கு நேராக வைத்து, கோணலாக இருந்ததைச் சரிசெய்தும் விட்டான்.

"எடு அதை."

"அக்கா, பேத்தி எழுதினது. அவர்கூடப் போகட்டுமே."

"எடுன்னு சொன்னேன்ல?"

அவன் எடுக்கவில்லை. அவளே எடுத்து அலமாரியின் மேல் குப்புறப் போட்டாள். பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்தபடி அவன் மகளின் படம் இருந்தது. அது அவளையே பார்த்தது. திருப்பிப் போட்டால் முன்னட்டையில் ஒரு பெரிய பூட்டு. எந்தப் பக்கம் போட்டாலும் தொல்லைதான். ஒரு தலையணை உறையை அதன்மேல் விரித்துவிட்டு ஐந்தாவது பொத்தானுக்கு வந்தாள்.

தம்பி நிலைக்கதவில் சாய்ந்து நின்றான். "பதிப்பாளர்கூட வந்திருக்காரு. மண்டபத்துல அஞ்சலி செலுத்தறப்போ பாப்பா அந்தக் கதையோட கடைசிப் பக்கத்தை மட்டும் படிக்கட்டுமேன்னு..."

"எந்தக் கதை?"

"அக்கா..."

"எந்தக் கதைன்னு கேட்டேன். ஒன்பது இருக்காமே."

எந்தக் கதை என்று இரண்டு பேருக்கும் தெரியும். முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும்.

தம்பி மகளுக்குப் பதினொரு வயது. தாத்தா அவளைத் திருகாணி என்று கூப்பிடுவார். சின்ன உருவம், எதற்குள்ளும் நுழைந்துவிடும், நுழைந்தால் லேசில் கழலாது என்பார். இரண்டரை மாதத்துக்கு முன்பு அவளுடைய கதைகள் புத்தகமாக வந்தன. ஒவ்வொரு கதையிலும் யாராவது அழுவார்கள், இல்லாவிட்டால் செத்துப்போவார்கள். ஒரு நாய்கூடத் தப்பவில்லை. இந்த வயதில் இப்படி மனசை உருக்க முடியுமா என்று பத்திரிகைகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. எல்லோரையும் அதிகமாக உருக்கியது 'தட்டும் சத்தம்' என்ற நான்காவது கதை. அதில் ஒரு மகள் தினமும் வேலைக்குப் போகும்போது தன் வயதான அப்பாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். அவர் நாள் முழுக்கக் கதவைத் தட்டுகிறார். யாரும் திறப்பதில்லை. மகளுக்குப் பெரிய கைகள், சிரிக்காத வாய், உடம்பெல்லாம் சோப்பு வாசனை.

மூத்தவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை நின்றபடியே, சுடச்சுட உருளும் இயந்திரத்துக்குள் படுக்கை விரிப்புகளை நுனி பிடித்து விட வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று விரிப்பை வாங்கி மடிப்பவள்தான் முதலில் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினாள். "இது உன் தம்பி மகதானே?" அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் மூத்தவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. மேற்பார்வையாளர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"நிஜமாவே பூட்டிட்டா வர்ற?"

"ஆமா. பூட்டலைன்னா எங்க போறோம்னு தெரியாம ரோட்டுக்குப் போயிடுவாரு. ஒரு தடவை பைக்ல அடிபட்டுக் கை உடைஞ்சுது. நீங்க வந்து பார்த்துக்குறீங்களா?"

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து, கழுத்தில் அட்டை தொங்க முதியோர் நலத் துறை அதிகாரி ஒருவர் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். கையில் அந்தப் புத்தகம். உள்ளே பென்சிலால் கோடு போட்டிருந்தார். மனிதரைப் பூட்டி வைப்பது குற்றம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். பகலில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஆள் ஒரே ஒரு நாள் வந்தது. பூட்டு போனது போனதுதான். இருபத்திரண்டாவது நாள் அவள் ஹோட்டலில் இருந்தபோது, அப்பா பழைய கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உருண்டு விழுந்தார். மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்து, நேற்றுக் காலை போய்ச் சேர்ந்தார்.

கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தம்பி மனைவியும் வந்து நின்றாள்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுக்கொடுங்க. குழந்தை ஆசைப்படுறா."

"குழந்தை ஆசைப்படுறாளா, நீ ஆசைப்படுறியா?"

"ஏன் இப்படிப் பேசுறீங்க? அவ ஒண்ணும் இட்டுக்கட்டலையே. நீங்க பூட்டினது உண்மைதானே?"

முன்னறையில் யாரோ கோப்பையைத் தட்டில் வைக்கப் போய் வைக்காமல் நிறுத்தியது கேட்டது.

"உண்மைதான்" என்றாள் மூத்தவள். குரலைக் கொஞ்சம்கூடத் தாழ்த்தவில்லை. "ஆறு வருஷத்துல நீங்க வந்தது நாலே தடவை. அதுல ஒண்ணு, ரெண்டு பேரும் ஊர் சுத்தப் போறதுக்காக உங்க பொண்ணைப் பத்து நாள் என் தலையில கட்டிட்டுப் போனீங்களே, அது. அந்தப் பத்து நாள்லதான் உங்களுக்குக் கதை கிடைச்சுது. எனக்கு இது கிடைச்சுது." பெட்டியைக் கையால் காட்டினாள்.

தம்பி வாயைத் திறந்தான். அவள் அவனைக் கடந்து அப்பாவின் அறைக்குப் போனாள். மூக்குக் கண்ணாடி அங்கே இருந்தது. அது இல்லாமல் அவரை அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

கட்டிலில் திருகாணி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய புத்தகப் பிரதி. கால் தரையில் எட்டவில்லை.

"எழுந்திரு. அது அவர் கட்டில்."

பெண் எழுந்து நின்றாள். "அத்தை, நீங்க என் கதையைப் படிச்சீங்களா?"

மூத்தவள் அந்தக் கதையை நாலு தடவை படித்திருந்தாள். நாலு தடவையும் குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. ஆளையே கொன்னுடுச்சு."

பெண்ணின் உதடு வெளுத்தது. அழுதுவிடுவாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். அழட்டும் என்றுதான் சொன்னாள். அவள் அழவில்லை.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

"என்னத்தைப் பார்த்த? அவர் எதுக்குத் தட்டினாரு, சொல்லு."

"வெளிய வர்றதுக்கு."

"வெளிய வரணும்னா கத்துவாங்க, கதவைப் பிறாண்டுவாங்க. அவர் எப்படித் தட்டினாரு? தட்டிக் காட்டு."

பெண் கட்டில் சட்டத்தில் தட்டினாள். மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

"முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவரு. நடுவுல லிஃப்ட் நின்னுட்டா உள்ள இருக்கிறவங்க பயந்து அரை உசுரா ஆயிடுவாங்க. ஆள் வந்தாச்சுன்னு தெரியணும்ல? வெளியிலேர்ந்து மூணு தட்டு தட்டுவாரு. உள்ளேர்ந்து அவங்க திருப்பித் தட்டணும். அதைத்தான் தட்டினாரு. தான் மாட்டிக்கிட்டதா அவர் ஒருநாளும் நெனக்கலை. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாமதான் மாட்டிக்கிட்டோம்னு நெனச்சாரு. 'பயப்படாதீங்க, வந்துட்டேன்'னு சொல்லுவாரே, உனக்குக் கேட்கலையா?"

"கேட்டுச்சு. யாருக்குச் சொல்றாருன்னு புரியலை."

"புரியலைன்னா கேட்கணும்."

"உங்ககிட்டயா?" என்றாள் பெண். அதில் துடுக்கு எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். மூத்தவள் மேசை இழுப்பறையைத் திறந்து கண்ணாடியைத் தேட ஆரம்பித்தாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "பார்த்ததை எல்லாம் நான் எழுதலை, அத்தை."

"எதை விட்டுட்ட?"

"அஞ்சாவது நாள் நீங்க வேலையிலேர்ந்து வந்தீங்க. நான் கீழ்வீட்டுத் தையக்காரம்மாகிட்ட இருந்தேன். பென்சில் எடுக்க மேல வந்தப்போ நீங்க கதவுக்கு முன்னாடி படியில உட்கார்ந்திருந்தீங்க. சாவி உங்க கையிலயே இருந்துச்சு. தாத்தா உள்ள தட்டிட்டே இருந்தாரு. நீங்க திறக்கலை."

மூத்தவளின் கை இழுப்பறைக்குள் அப்படியே நின்றது.

"நான் திருப்பத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன். கீழ ரேடியோவுல ஒரு மணி நேர நாடகம் ஆரம்பிச்சு, முழுசா முடிஞ்சுது. ஒரே ஒரு தடவை நீங்க சாவியால படியில மூணு தட்டு தட்டினீங்க. அப்பவும் திறக்கலை."

உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்த ஒரு மணி நேரம் அது. தன்னிடமேகூட அவள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

"ஏன் எழுதலை?" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எழுதியிருந்தா இன்னும் நாலு பேர் என்னைக் காறித் துப்பியிருப்பாங்களே."

பெண் தரையைப் பார்த்தாள். "எழுதிப் பார்த்தேன். ஆனா அதைப் படிச்சா எல்லாருக்கும் உங்களைப் பார்த்தா பாவமா இருக்கும். அப்புறம் தாத்தாவுக்காக அழ மாட்டாங்க. கதை கெட்டுடும்னு எடுத்துட்டேன்."

கை ஓங்கியது மூத்தவளுக்கே தெரியவில்லை. பெண் விலகவில்லை. கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். தண்டனை எவ்வளவு என்று தெரிந்து வரிசையில் நிற்கிறவள் மாதிரி இருந்தாள். இவ்வளவு சின்ன முகத்தில் அப்படி ஒரு பிடிவாதம். அது யாருடைய பிடிவாதம் என்று மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாடி ஏறி வந்தவுடன் மறுபடி இறங்கி, யாருடைய லிஃப்டையோ பார்க்கப் போவாரே, அவருடையது.

ஓங்கிய கை கீழே வந்தது. இழுப்பறையில் கிடந்த பேனாவை எடுத்து நீட்டியது.

"எழுது."

"இப்பவா?"

"வண்டி வர இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. கடைசியில வெறும் பக்கம் இருக்கும்ல? அதுல எழுது. நீ மண்டபத்துல படிக்கிறதா இருந்தா அதையும் சேர்த்துப் படிக்கிற. இல்லைன்னா படிக்கவே வேணாம்."

பெண் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைக் கட்டில்மேல் வைத்துத் திறந்தாள். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த ஒரு மணி நேரம் நீங்க என்ன நெனச்சுட்டு இருந்தீங்க?"

"ஒண்ணும் நெனக்கலை. கால் வலிச்சுது."

பெண் எழுதாமல் காத்திருந்தாள். அப்படிக் காத்திருப்பதை யார் கற்றுக்கொடுத்தார்களோ.

மூத்தவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கதவைத் திறந்தா 'யாரு நீங்க'ம்பாரு. எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து தினம் அதைக் கேட்கணும். அன்னிக்கு மட்டும் கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டுக்கலாம்னு உட்கார்ந்தேன். போதுமா?"

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

"கால் வலிச்சுதுங்கிறதை முதல்ல போடவா, கடைசியில போடவா?"

"எங்கயாவது போட்டுத் தொலை." சன்னல் திட்டில் கண்ணாடி கிடைத்துவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "இதுக்காக உன்னைக் கட்டிப்பிடிச்சுக்குவேன்னு நெனக்காத. நீ எழுதினதாலதான் பூட்டு போச்சு. அது அப்படியேதான் இருக்கு."

"நான் அப்படி நெனக்கலை" என்றாள் பெண், எழுதிக்கொண்டே.

பாதி ஊரின் லிஃப்டுகளைப் பழுது பார்த்தவரின் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெட்டியை ஆறு பேர் தோளில் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் பார்த்தும் பின்னால் இருந்தவர்கள் முன்னால் பார்த்தும் கத்தினார்கள். மூத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் திருப்பி முடிக்கும்வரை நின்றாள்.

வண்டியில் ஏறும்போது தம்பியிடம், "படிக்கட்டும்" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் ஐம்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதிதான் நிரம்பியது. அப்பாவுடன் வேலை பார்த்த இரண்டு பேர் வந்திருந்தார்கள். சலவைப் பிரிவில் எதிர்ப்பக்கம் நிற்பவள் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பதிப்பாளர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி எழுந்து நின்றார். திருகாணி பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, பெரியவர்களைப் போல ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு, கதையின் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். கிழவர் கதவில் நெற்றியைச் சாய்த்து நிற்கும் பக்கம் அது. அங்கங்கே மூக்குறிஞ்சினார்கள். தம்பி மனைவி கைக்குட்டையை எடுத்தாள். தலைகள் நாசூக்காக மூத்தவள் பக்கம் திரும்பின, திரும்பாதது போல நேராயின. முடிந்தது என்று நினைத்து ஒருவர் எழுந்தும் விட்டார்.

பெண் புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பினாள்.

"ஐந்தாம் நாள் மகள் வேலையிலிருந்து வந்து படியில் உட்கார்ந்தாள். சாவி அவள் கையில் இருந்தது. உள்ளே அவர் தட்டினார். அவள் திறக்கவில்லை."

எழுந்தவர் உட்கார்ந்தார். பதிப்பாளரின் கைப்பேசி கீழே இறங்கியது. தம்பி கழுத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தான்.

"இது புத்தகத்துல இல்லையே" என்றாள் தம்பி மனைவி, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்கும்படியாகவே. "பாப்பா, போதும். வா இப்படி."

பெண் நிறுத்தினாள். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமல், பெட்டிக்கு இந்தப் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தாள். மண்டபம் முழுக்க அந்தப் பக்கமே பார்த்தது.

மூத்தவள் மடியில் கோத்திருந்த கைகளை எடுக்கவில்லை. மோவாயை மட்டும் ஒருமுறை லேசாக உயர்த்தினாள், மேலே படி என்பதாக.

பேனா மை சில இடங்களில் இழுத்துவிட்டிருந்தது. பெண் தாளை விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்து, அடுத்த வரியைத் தேடினாள்.