நிப்பாட்டணும், நிப்பாட்டண்டாம்

என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று ஆபீசில் சிலர் சொல்வதாகக் காதில் விழுந்தது. சிரிப்புதான் வருகிறது. திக்குவாய்க்காரன் ஒருவனை வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எடுங்கள் என்று சொன்னவன் நான். அகில் என்று பெயர். பாறசாலைக்காரன். கம்ப்யூட்டரில் கோடு எழுதினால் அப்படி ஒரு சுத்தம்; வாயைத் திறந்தால் போச்சு. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அவன் ஏறி இறங்காத ஐ.டி. கம்பெனி இல்லை, எல்லா இன்டர்வியூவிலும் பேசியே தோற்றிருந்தான்.

எங்கள் கம்பெனியில் அவனுக்குப் பயிற்சிக் காலம் முடியப்போகிற சமயம். வேலை நிரந்தரமாக வேண்டும் என்றால் டீம் லீடான என் கையெழுத்து வேண்டும். நிரந்தரமான மறுநாளே அம்மாவைக் கூட்டிவந்து இங்கே வீடு பிடிப்பதாக இருந்தான். அப்பா இல்லை. அந்த அம்மாவுக்கு இவனை விட்டால் வேறு கதி இல்லை என்பது எங்கள் டீமில் எல்லாருக்கும் தெரியும்.

அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. பேச வேண்டியதை எல்லாம் எழுதி அனுப்புவான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மெசேஜ்! ஒருநாள் கூப்பிட்டு, "டேய், இனி எனக்கு எழுத்துக் குத்து ஒண்ணும் வேண்டாம். வாயத் திறந்து பறை. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன், கேட்டியா?" என்றேன். அதற்குப் பிறகு அவன் அனுப்பியது எதையும் நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

காலை மீட்டிங்கில் அவன் முறை வந்தால் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. அவன் "டெ, டெ" என்று இழுப்பான். "டெஸ்டா, டெலீட்டா, டெங்குக் காய்ச்சலா?" என்று நான் எடுத்துக் கொடுப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். நான் முடித்துக்கொடுத்த வாக்கியம் தப்பாக இருந்தாலும் தலையாட்டிவிடுவான். திருத்த வேண்டும் என்றால் இன்னொரு வாக்கியம் பேச வேண்டுமே! அந்த சூட்சுமம் எனக்கு ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிட்டது.

நாங்கள் செய்வது டீபகர் என்கிற மென்பொருள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் புரோகிராமைப் பாதியில் பிடித்து நிறுத்தி, உள்ளே எங்கே கோளாறு என்று பார்ப்பதற்கு. அதற்குள் ஈவென்ட் லூப் என்று ஒன்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மெஷினிடம் ஒரு கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்கும், வந்ததும் அடுத்த கேள்வி. பதில் வராவிட்டால் காத்துக்கொண்டே கிடக்கும். திரை உறைந்துபோகும். ஓசூரில் பொட்டலம் கட்டும் மெஷின் செய்கிற ஒரு கம்பெனி, இதைச் சொல்லி எங்களைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்தது.

லூப்புக்கு டைம்அவுட் வைத்துவிடுங்கள் என்றார் எங்கள் மேனேஜர் வினய். இத்தனை நொடிக்குள் பதில் வராவிட்டால் காத்திருப்பதை விட்டுவிட வேண்டும். சரி, விட்ட பிறகு? மெஷின் செத்துவிட்டது என்று தொடர்பை அறுத்துவிடுவதா, அறுக்காமல் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பதா? லூப்பை எழுதியவன் அகில். மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவனிடமே கேட்டேன்.

"அகிலே, டைம்அவுட் ஆனா தொடர்பை நிப்பாட்டணுமா, நிப்பாட்டண்டாமா? ஒத்த வார்த்தை மதி."

"நிப்... நிப்பாட்... நிப்பாட்டண்..."

எங்கள் பேச்சின் அழகே அதுதான். செய்யணும் என்பதும் செய்யண்டாம் என்பதும் முக்கால்வாசி தூரம் கைகோத்துக்கொண்டு வந்து, கடைசியில்தான் பிரியும். அவன் சரியாக அந்த இடத்தில் மாட்டிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வினய் மொபைலைப் பார்த்தார். எனக்கு வேறு பசி.

"நிப்பாட்டணும், அல்லே? மதி, மனசிலாயி," என்று, போதும், புரிந்துவிட்டது என்கிற மாதிரி முடித்து வைத்தேன்.

அன்று அவன் தலையாட்டவில்லை. கையைத் தூக்கினான். நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அறுத்துவிடுவது என்று முடிவானது.

சாப்பிடப் போகும்போது லிஃப்டுக்குள் ஓடிவந்து ஏறினான். உள்ளே நானும் அவனும்தான். திக்கித் திக்கி, எச்சில் தெறிக்க, கீழே போய்ச் சேர்வதற்குள் முழுவதையும் சொல்லிவிட்டான். "பழைய மெஷின் மெதுவாத்தான் பேசும், அண்ணா. பாதி பதில் வந்தாலே அது உயிரோட இருக்குண்ணு அர்த்தம். அப்பம் டைம முதல்லருந்து எண்ணணும். அறுத்தா, நாம பிடிச்சு நிறுத்தின மெஷின் திரும்ப ஓடிரும். நி... நிப்பாட்டண்டாம்."

அவன் சொன்னது முழுக்கச் சரி. கேட்டதுமே புரிந்தது. ஆனால் வினயிடம் போய் நான் முடித்து வைத்தது தப்பு என்று சொல்வதா? என் வாயால் சொன்னதை இந்த அரைவாய்க்காக மாற்றுவதா? "பார்த்தியா, பயம் விட்டுப் போச்சு. இப்படியே பேசிப் பழகு," என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஓசூரில் நடந்ததும் அவன் சொன்னபடியே. பழைய மெஷின் ஒன்றை டீபகரால் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது பாதி பதிலை அனுப்பி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது எங்கள் டைம்அவுட் தொடர்பை அறுத்தது. மெஷின் ஓடத் தொடங்கியது. உள்ளே கைவிட்டு எதையோ சரிசெய்துகொண்டிருந்த டெக்னீஷியனுக்கு இரண்டு விரல் போனது. கரண்டை அணைக்காமல் கையை விட்டது அவன் புத்தி. ஆனாலும் அங்கிருந்து ஆள்மேல் ஆள் கூப்பிட்டு, யார் எடுத்த முடிவு என்று கேட்டார்கள்.

விசாரணைக்கு வினய் இருந்தார், ஹெச்.ஆர். விஷ்ணுப்ரியா இருந்தாள். திருவனந்தபுரம் கோட்டை அக்ரகாரத்துக்காரி, நல்ல மாதிரி. "அகில், நிப்பாட்டணும்னு சொன்னது நீங்கதானா? சாவகாசமா சொல்லுங்கோ. நாங்க காத்துண்டிருக்கோம்," என்றாள்.

உண்மையாகவே காத்திருந்தார்கள். யாரும் மொபைலைத் தொடவில்லை.

"நான்... நிப்... நிப்பாட்... நிப்பாட்டண்..."

நாக்கு மேலே மடிந்துவிட்டது. 'டா' வரப்போகிறது. எழுந்துபோய் அவன் தோளில் கையை வைத்தேன். தொட்டால் அவனுக்கு எல்லாம் அறுந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். அறுந்தது.

"கஷ்டப்படாதேடா," என்றேன். குரலைக்கூடக் கொஞ்சம் கம்மவிட்டேன். "நிப்பாட்டணும்னுதான் சொன்னான், மேடம். எல்லாரும் கேட்டோம். தெரியாம சொல்லிட்டான், பாவம்."

அவன் மேசையிலிருந்த பேனாவை எடுக்கப் போனான். விஷ்ணுப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம் அகில், இனிமே உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம்," என்று பேனாவை மெதுவாக வாங்கி வைத்துவிட்டாள். அன்று மாலையே அவன் பக்கம் பக்கமாக மெயில் எழுதினான். கேட்டபோது சொல்லாததை வேலை போகும் பயத்தில் இப்போது ஜோடித்து எழுதுகிறான் என்றேன். அவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது.

நிரந்தரமாக்க வேண்டாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவன் பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றான். "அ... அ..." என்றான். அண்ணா என்று சொல்ல வந்தானோ, அம்மா என்று சொல்ல வந்தானோ. போன் வந்தது, நான் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஆள் இல்லை.

அடுத்த வாரம் ஓசூர்க்காரர்களிடம் வீடியோ காலில் புதிய திருத்தத்தை நானே விளக்கினேன். பாதி பதில் வந்தாலும் எதிரே இருப்பது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அவசரப்பட்டு அறுக்கக் கூடாது, நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பக்கம் கை தட்டினார்கள்.

"அடிபொளி!" என்றார் வினய். "இது யாரோட ஐடியா?"

"என்னோடது," என்றேன், கொஞ்சமும் திக்காமல்.