என் விரலுக்கு மட்டும் அடங்கிய பொத்தான்

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு கோல் ஏற வேண்டும். எங்கள் ஹாக்கி ஸ்கோர் பலகை அதை அழகாகச் செய்தது. நான் அழுத்தினால்.

ஆய்வகக் கூட்டாளி சோல்வே முதல்முறையாக அழுத்தியபோது பூஜ்யம் நான்குக்குத் தாவியது.

“உனக்கு அழுத்தத் தெரியல. தூங்குற பூனை மூக்கைத் தொடுற மாதிரி தொடணும்.”

“டுலூத் ஐஸ் ஹாக்கி ரிங்க்ல பூனை எங்கடா வந்துச்சு? தள்ளு.” மறுபடி அழுத்தினாள். ஏழு. “பாத்தியா நெல்ஸ், ஒரே அடியில மூணு கோல்! நம்ம டீமுக்குக் குடுத்துடலாம், இந்த வருஷமாவது ஜெயிக்கட்டும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த டிஜிட்டல் லாஜிக் பாடத்தில் போன வருஷமே தோற்றவன் நான். மறுபடி தோற்றால் பொறியியல் துறையை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மதியம் செயல்முறைத் தேர்வு. செய்தவர்கள் கை வைக்கக்கூடாது, நானே இயக்கிப் பார்ப்பேன் என்பது பேராசிரியை ஓக்கர்லண்டின் விதி.

கோளாறு புரிந்துவிட்டது. அழுத்தியதும் பொத்தானுக்குள் இருக்கும் தகடு ஒழுங்காக உட்காராது. கண்ணிமைக்கும் முன் சில முறை துள்ளிவிட்டுத்தான் அமரும். சிப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு கோல். இத்தனை நாளும் நான் மின்சுற்றைத் திருத்தவில்லை, என்னையறியாமல் என் விரலைத்தான் பழக்கியிருக்கிறேன். அதற்கு யாரும் பட்டம் தரமாட்டார்கள்.

முதல் துள்ளலை எண்ணியதும் சுற்று கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு டைமர் சிப் போதும். ஆனால் ஜோடிக்கு ஒன்றுதான் தருவார்கள். எங்களுடையது, கோல் விழுந்ததும் சிவப்பு விளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கல் என் கைவண்ணம். வீட்டுக்கு வீடியோ அனுப்பியிருந்தேன். நான் சின்ன வயதில் வரைந்த படங்களைப் போல இதை ஃபிரிட்ஜில் எப்படி ஒட்டுவது என்று அப்பா கேட்டிருந்தார்.

“மெதுவா அழுத்துங்கன்னு மேடம்கிட்ட சொல்லிப் பாக்கலாமா?” என்று கேட்டேன்.

“சொல்லு. நான் தள்ளி நின்னு வேடிக்கை பாக்குறேன்.”

டைமரைப் பிடுங்கினேன். விளக்குகள் செத்தன. மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து கம்பிகளை மாற்றிச் செருகினேன். முதல் தடவை எதுவுமே ஏறவில்லை. எல்லாவற்றையும் உருவி மறுபடி செருகினேன். பாதி சாண்ட்விச்சை என் வாயில் திணித்துவிட்டு, சோல்வே பொத்தானை ஓங்கிக் குத்தினாள். ஒன்று. முழங்கையால் இடித்தாள். இரண்டு.

ஓக்கர்லண்ட் வந்தார். மேஜைக்கு முன் நின்று, கோட்டுப் பையிலிருந்து தடித்த கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். “ரிங்க்ல எல்லாரும் இப்படித்தான வருவாங்க?” என்று பொத்தானில் ஒரு குத்து விட்டார்.

ஒன்று.

இன்னொரு குத்து. மேஜை ஆடியது. இரண்டு.

“திட்டத்துல லைட்டெல்லாம் மினுக்கும்னு எழுதியிருந்தியேப்பா?”

“கழட்டிட்டேன் மேடம். ஒரு கோல் அடிச்சா ஒண்ணுதான் ஏறணும்.”

அவர் மூன்றாவது குத்து விட்டார். மூன்று. அந்த நொடியில் என் முதுகுக்குப் பின்னால் சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. சோல்வே தன் சைக்கிளின் பின்விளக்கைத் தலைக்கு மேல் தூக்கி, கோல் விழுந்ததும் ரிங்கில் ஊதும் சங்கு மாதிரி ஊளையிட்டுக்கொண்டிருந்தாள்.

“இது எந்த சிப்?” என்று கேட்டபடியே ஓக்கர்லண்ட் ‘தேர்ச்சி’ என்று எழுதினார்.

“கழட்ட முடியாதது மேடம்,” என்றேன்.