அன்வருதீன் கேட்காத கேள்வி

கருவடிக்குப்பத்து அன்வருதீனுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. தேநீரை ஆறவைத்தே குடிப்பார். அது ஆறும் வரையில் எதிரில் இருப்பவரைக் கேள்வி கேட்பார். உறவினர் வீடுகளில் வரன் பார்த்தால், விசாரித்து வரும் பொறுப்பு அவருடையதே. அறியும் ஆவல்தான் மனிதனை வளர்க்கிறது என்பது அவர் கொள்கை. தாம் போதுமான அளவு வளர்ந்துவிட்டதாகவும் அவருக்கு ஓர் எண்ணம்.

இப்போது அவருடைய மகள் ஸமீஹாவுக்கே மூலக்குளத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சம்மதம் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் மூலக்குளத்தில் அலைந்தார். மாப்பிள்ளை ஆசிப்புக்கு எந்தப் பல் சொத்தை, மருந்துக்கடையில் என்ன மாத்திரை வாங்குகிறார், முந்தைய வேலையை ஏன் விட்டார் என யாவும் அவருக்கு மனப்பாடம். குறையொன்றும் அகப்படாததில் சற்று வருத்தமும் இருந்தது.

புதன்கிழமை மாலை கண்ணையனின் தேநீர்க்கடையில், அறிமுகமில்லாத ஒருவர் அவரருகில் வந்து அமர்ந்தார்.

"பாய், இந்தத் தெருவுல அன்வருதீன்னு ஒருத்தரு இருக்காராமே, அவரு பொண்ணு எப்பிடி? நான் மாப்பிள்ளைக்கு மாமா. மூலக்குளத்துலேருந்து வரேன்."

தம்மைப் போலவே விசாரிக்கக் கிளம்பிய ஒருவரைக் கண்ட மகிழ்ச்சி அன்வருதீனுக்கு. எப்படி விசாரிக்கிறார் பார்ப்போம் என்று, தாம் இன்னாரென்று சொல்லாமல், "கேளுங்க" என்றார். கண்ணையன் வாயைத் திறக்காமல் தேநீரை ஆற்றினார்.

"குடும்பம் நல்ல குடும்பம்னு தெரியும். அந்தப் பொண்ணுக்கு என்ன புடிக்கும்? மேல என்ன செய்யணும்னு நெனைக்குது? எங்க பையன் அதத்தான் கேட்டுட்டு வரச்சொன்னான்."

இத்தகைய கேள்வியை அன்வருதீன் எவரிடமும் கேட்டதில்லை.

"லாஸ்பேட்டையில காலேஜுல வேலை பாக்குது" என்றார். பிறகு, "நல்லா பாக்குது" என்றார்.

"அது தெரியும் பாய்."

"அவர வுடுங்க" என்றார் கண்ணையன். "பாய்க்கு மூலக்குளம்னா அத்துப்படி. இந்தத் தெருன்னா கொஞ்சம் தடுமாறுவாரு. அந்தப் பொண்ணு தெனம் ஏர்போர்ட்டு சுவராண்ட வண்டிய நிறுத்தி, வெமானம் எறங்குறதப் பாத்துட்டுத்தான் வரும். வானிலை படிக்கணுமாம். பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டவர் அன்வருதீன்.

"ஏம்மா லேட்டுன்னு ஒருநாள் கேட்டேன். சொல்லுச்சு."

வந்தவர் திருப்தியுடன் விடைபெற்றார். அன்வருதீனின் தேநீர் ஆறி ஏடு படிந்திருந்தது. அதைக் குடிக்காமலே எழுந்தார்.

வீட்டில் மனைவி பதுருன்னிசா, "பையனப் பத்தி இன்னும் ஏதாச்சும் விசாரிக்க பாக்கி இருக்கா?" என்றார்.

"பையனப் பத்தி இல்ல" என்றார் அன்வருதீன். "வெள்ளிக்கிழமை ஒண்ணும் சொல்ல வேணாம். மொதல்ல ஸமீஹாகிட்ட கேக்குறேன்."